ஆறு பத்துக்கு வந்து சேரும் வண்டி

அந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே போகிற வழி முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதே சாலையில் திரும்பி வருகிற வழி, கடைசியாக வண்டியின் மீட்டரைப் பார்த்தவர்கள் சொன்னபடி, ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வானத்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விமானக் கம்பெனிக்காரர்கள் ஐம்பது நிமிஷப் பயணத்தை எழுபது நிமிஷம் என்று அட்டவணையில் போட்டுவிட்டு, "குறித்த நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தோம்" என்று ஒலிபெருக்கியில் பெருமையடித்துக்கொள்வது வழக்கம். அப்படி மிச்சம் பிடித்த நிமிஷங்கள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்கவில்லை. ஆகாய வழி வருஷத்துக்கு வருஷம் சுருங்கி, இந்தக் கதை நடந்த காலத்தில் ஏழு நிமிஷத்துக்கு வந்து நின்றது. பெல்ட்டை மாட்டிய கையோடு கழற்ற வேண்டியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் விமானம் ஏறும்போதே எதிர் நகரத்து மொட்டை மாடிகளில் துணி காயப்போடுகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பயந்து, திரையை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

சாலை நீண்டது அப்படியல்ல. அது ஒருத்தியின் கையெழுத்தால் நீண்டது. பேருந்து நிலையத்தில் நான்காம் நடைமேடைக்கு எதிரே கம்பிவலை அடித்த சின்ன அறை ஒன்று உண்டு. ஒரு மேஜை, ஒரு கால் ஆடும் நாற்காலி, சுவரில் வட்டக் கடிகாரம், மேஜைமேல் பதிவேடு. உள்ளே இருந்தவளை டிரைவர், கண்டக்டர் எல்லோரும் டைம் கீப்பரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுவது அவள் வேலை. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, பதினொன்று நாற்பதுக்கு எதிர் நகரத்தை அடைந்து, பன்னிரண்டுக்கு அங்கிருந்து கிளம்பி, மாலை ஆறு பத்துக்குத் திரும்பி வர வேண்டிய வண்டியை ஓட்டியவர் அவள் கணவர். ஆள் நல்ல ஓட்டுநர். ஆனால் அந்த வருஷம் வழியில் ஒரு பாலத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எப்படி ஓட்டினாலும் இருபது நிமிஷம் பிந்தியது. ஒரே மாதத்தில் இரண்டு மெமோ. மூன்றாவது மெமோவைத் தட்டச்சு செய்ததே அவள்தான். "தாமதத்துக்கு உரிய விளக்கத்தை மூன்று தினங்களுக்குள் அளிக்கவும்" என்று மனைவி அடித்த தாளைக் கணவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். "விளக்கம் எழுதித் தரப்போறதும் நீதானே?" என்று கேட்டார். அவளேதான் எழுதித் தந்தாள்.

நான்காவது மெமோ வந்தால் அவரை அந்த வழித்தடத்திலிருந்து தூக்கி, வாரத்துக்கு ஒருமுறை வீடு திரும்புகிற தொலைதூர வண்டியில் போட்டுவிடுவார்கள். அதனால் மறுநாள் வண்டி ஆறரைக்கு வந்தபோது அவள் ஆறு பத்து என்று எழுதினாள். நாலைந்து நாள் அப்படி எழுதினாள். ஒவ்வொரு நாளும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பொய் எழுதுவது மனதை உறுத்தியது. அதற்கு அவள் கண்ட வழி, காலையில் புறப்பாட்டு நேரத்தை எழுதும்போதே, அதே மையில், அதே மூச்சில், வருகைக் கட்டத்திலும் ஆறு பத்து என்று எழுதிவிடுவது. அலுவலகங்களில் இதெல்லாம் சகஜம். முன்கூட்டி எழுதி வைக்கிறவர்களைச் சுறுசுறுப்பானவர்கள் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு வண்டி சரியாக ஆறு பத்துக்கு வந்து நின்றது. மறுநாளும் வந்தது. பாலம் இன்னும் பிரித்தபடியேதான் கிடந்தது.

ஏழு வருஷம் ஒரு நாள் தவறாமல் வண்டி ஆறு பத்துக்கு வந்தது. நேரம் தவறாமைக்கென்று ஒரு கேடயம் கொடுத்தார்கள், அது மேலாளர் அறையில் தொங்கியது. முதல் வருஷத்தில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. காலையில் மழமழவென்று சவரம் செய்துகொண்டு போன மனிதர் மாலையில் முள்ளு முள்ளாகத் தாடியோடு வந்தார், அவ்வளவுதான். நாலாவது வருஷத்தில் சில நாள் பயணிகள் நகம் வளர்ந்து இறங்கினார்கள். ஐந்தாவது வருஷத்தில், நிறைமாதமாக ஏறிய ஒரு பெண் கையில் குழந்தையோடு இறங்கினாள். பிறப்புப் பதிவு அலுவலகத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறந்த இடம் என்ற கட்டத்தில் "வழியில்" என்று எழுதிக்கொடுத்தார்கள். டீசல் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஆகிற அளவுதான் ஆயிற்று. கூடுதலாகச் செலவாகியிருந்தால் பணிமனையில் குடைந்திருப்பார்கள்.

பயணிகள் ஏன் ஏறினார்கள் என்று இப்போது கேட்பது சுலபம். வண்டி நேரத்துக்கு வந்தது, அதற்குமேல் என்ன வேண்டும்? மதியம் ஏறினால் மாலையில் வீடு. சில தடவை நடுவே இரண்டு வாரமோ ஒரு மாதமோ சாலையோரத்து ஊர்களில் தங்கி, சமைத்து, தூங்கி, மறுபடி ஏறி வந்ததை யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தேர்வுக்குப் படிக்காத மாணவர்கள் புத்தக மூட்டையோடு கூட்டமாக ஏறினார்கள். நிறைய பேர் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் ஒரு நாள் ஏறியவர்கள் முப்பத்தொரு பேர், இறங்கியவர்கள் முப்பது பேர். சளி பிடித்திருந்த ஒரு தையல்காரர் பாதி வழியில் காலமாகி, சாலையோரத்தில் ஒரு மரத்தடியில் அடக்கமாகியிருந்தார். அவருடைய மனைவி நடைமேடையில் நின்று, காலையில் கொடுத்தனுப்பிய குடையை வாங்கிக்கொண்டாள். குடைக்கம்பி துருப்பிடித்திருந்தது. அன்றிலிருந்து டைம் கீப்பரம்மாவுக்குப் பயம் வந்தது.

அதற்கு முன்பும் அவள் கவனிக்காமல் இல்லை. கல்யாணத்தின்போது அவர் அவளைவிட மூன்று வயது மூத்தவர். இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று, அவருக்குப் பணிப்பதிவேட்டின்படி நாற்பத்துநாலு. கண் பரிசோதனை செய்த மருத்துவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அறுபது என்று எழுதினார். தலை வெளுத்துவிட்டது. பேசும்போது பெயர்கள் தடுக்கின. எந்த விசையைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்பதில் குழம்பி நின்றார். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் நேராகவே கேட்டாள்.

"என்னங்க, அந்த ரோட்டுல என்னதான் நடக்குது?"

"போறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆறு ஆறரை மணி நேரம், அவ்வளவுதான். வர்றதுதான்..." என்று சோற்றைப் பிசைந்தபடி நிறுத்தினார். "உனக்கு நான் காலையில போயி சாயங்காலம் வர்றவன். எனக்கு நீ சில நாள் ரெண்டு மாசமா கண்ணுல படாத ஆளு. இன்னைக்கு உன் முகம் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாத்துக்கிட்டேதான் ஊருக்குள்ள வண்டியத் திருப்பினேன்."

அவள் மறுநாள் எதிர் நகரத்து டைம் கீப்பருக்குத் தொலைபேசியில் பேசினாள். பதினெட்டு வருஷமாகக் குரலாக மட்டும் பழகிய மனிதர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிடிவாதக்காரர் என்று பெயர். போகும்போது வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டாள். "ஒரு நாள் பன்னெண்டுக்கு வரும், ஒரு நாள் பதினொண்ணு அம்பதுக்கு வரும். வண்டிய கண்ணால பாத்துட்டுத்தான் எழுதுவேன்" என்றார் அவர். பிறகு சும்மா கேட்பதுபோல், "ஏம்மா, நீங்க பாக்காமயே எழுதுறீங்களா?" என்று கேட்டார். அவள் தொலைபேசியை வைத்தாள். பதிவேட்டில் அன்றைய வருகைக் கட்டத்தில், காலையில் எழுதிய ஆறு பத்து நன்றாகக் காய்ந்திருந்தது.

அடுத்த நாள் அவள் கட்டத்தைக் காலியாக விட்டாள். ஆறு பத்தாயிற்று. நான்காம் நடைமேடை காலியாகக் கிடந்தது. ஆறே முக்காலுக்குக் கூட்டம் சேர்ந்தது. ஏழு வருஷம் ஒரு நிமிஷம் பிந்தாத வண்டி என்பதால் யாருக்கும் காத்திருந்து பழக்கமே இல்லை. ஒரு அம்மாள் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு, "எம் பையன் எங்கம்மா? நீதானே எழுதுற, நீ சொல்லு" என்று அழுதாள். மேலாளர் கேடயத்தின் பெயர் கெட்டுவிடும் என்று கத்தினார். அவள் பேனாவை மூடி, மூடிமேல் விரலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உண்மையை எழுதுவதென்றால் வண்டி உண்மையாகவே வரும்வரை காத்திருக்க வேண்டும். அது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு வருஷமாகவும் இருக்கலாம். அந்தச் சாலையில் வெறும் ஒரு மரமும் அதன் அடியில் ஒரு மண்மேடும் அவள் கண்ணுக்குள் வந்து வந்து போயின. ஏழு இருபதுக்கு அவளால் தாங்க முடியவில்லை. பேனாவைத் திறந்து ஆறு பத்து என்று எழுதினாள். தலையை நிமிர்த்தியபோது வண்டி நடைமேடையில் நின்றது. இஞ்சின்கூட ஆறியிருந்தது. அழுத அம்மாள் பையனின் பையை வாங்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். அன்றைக்கும் வண்டி நேரத்துக்கு வந்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

தெரியாமல் எழுதுகிற பொய்க்கு ஒரு நீளம், தெரிந்தே எழுதுகிற பொய்க்கு ஒரு நீளம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டிக்குள் இரண்டு வருஷம் கடந்திருந்தது. அவள் கணக்கை முடித்து முன்னதாக வீட்டுக்குப் போய்விட்டாள். அவருக்குப் பணிமனையில் வண்டியை விட்டுவிட்டு வர அரை மணி நேரம் ஆகும். அந்த வீட்டுக் கதவு மழைக்காலத்தில் உப்பி, பிறகு இறங்காமலே போன கதவு. பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, தோளால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். குடிவந்த புதிதில் அந்த வித்தையைக் கண்டுபிடித்தவரே அவர்தான். அன்றைக்கு வெளியே சாவி திருகுகிற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை திருகினார். பிறகு சத்தம் இல்லை. பிறகு, மெதுவாக, விருந்தாளி தட்டுவதுபோல் இரண்டு தட்டு. அவள் கதவைத் தூக்கி இழுத்துத் திறந்தாள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, "சாவி சேரல. தப்பா நினைச்சுக்காதீங்க. இது என் வீடுதானே?" என்றார்.

இருபது வருஷத்தில் அவர் அவளை மரியாதை போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். அவள் நன்றாகப் பயந்துபோனாள். சாவுக்குக்கூட அவள் அந்த அளவுக்குப் பயந்ததில்லை. செத்தால் அவளுடைய ஆள் செத்தார் என்றாவது இருக்கும். உயிரோடு வந்து, அவள் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் படுக்கிற இந்த மனிதரிடம் அவள் யாரைத் தேடுவாள்? நான்கு நாள் அவரை விடுப்பு எடுக்க வைத்தாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார், வலது கால் மட்டும் தரையை அழுத்தியபடி இருந்தது. அந்த நான்கு நாளும் அவளுக்குக் கட்டத்தைக் காலியாக விடத் தைரியம் வரவில்லை. மாற்று டிரைவராகப் போனவனின் மனைவி நான்காம் நாள் கம்பிவலைக்கு முன் வந்து நின்று, மேஜைமேல் இருந்த பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போனாள். கருகருவென்று இருந்த அவன் மீசை பாதி வெளுத்திருந்தது. வண்டியை நிறுத்திவிடலாமா என்று மேலாளரிடம் கேட்டுப் பார்த்தாள். "நேரத்துக்கு வர்ற ஒரே வண்டிய நிறுத்தச் சொல்றீங்களே, உங்களுக்கு என்னம்மா ஆச்சு?" என்றார் அவர். ஐந்தாம் நாள் காலை கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்று முறையாகச் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனார். இந்த முறை அவர் திரும்பும்போது தட்டுவதற்குக்கூட இந்தக் கதவைத் தேடி வரமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐந்தரைக்குப் புறப்பாட்டை எழுதிவிட்டு அவள் வெகுநேரம் பதிவேட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். காலியாக விட்டால் அவர் வருஷக்கணக்கில் வரமாட்டார், அங்கே அவளை மறப்பார். எழுதினால் சாயங்காலமே வருவார், ஆனால் அதே வருஷங்கள் அவருக்குள் ஓடியிருக்கும், அப்போதும் மறந்திருப்பார். இரண்டிலும் அவள் இந்த நாற்காலியில்தான் இருந்தாள், அவர் அந்தச் சாலையில்தான் இருந்தார். பத்தரை மணிக்கு அவள் வருகைக் கட்டத்தில் ஆறு பத்து என்று எழுதினாள். எழுத்து கோணவில்லை. அறையைப் பூட்டி, சாவியை மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு, விமான நிலையத்துக்குப் போனாள்.

அவள் அதற்கு முன் விமானம் ஏறியதில்லை. ஏழு நிமிஷமும் ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். கீழே சாலை, கோடு போட்டதுபோல், இந்த நகரத்திலிருந்து அந்த நகரத்துக்கு நேராகப் போனது. மடிப்பு இல்லை, சுருள் இல்லை, பயப்படுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. இவ்வளவு சின்னச் சாலையிலா இத்தனை வருஷமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் எதிர் நகரத்துப் பேருந்து நிலையத்தை அடைந்தாள். அங்கேயும் ஒரு கம்பிவலை அறை, ஒரு வட்டக் கடிகாரம். குரலை வைத்து அவள் நினைத்திருந்ததைவிட அந்த மனிதர் மிகவும் குள்ளமாக இருந்தார்.

"எழுதிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"எழுதிட்டேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு."

அவர் புறப்பாட்டுக் கட்டத்தில் பன்னிரண்டு என்று, வண்டி அசைந்த பிறகு, எழுதினார்.

அந்தக் காலத்தில் திரும்பும் வண்டியில் வேண்டுமென்றே ஏறுகிறவர்கள் மட்டும்தான் ஏறினார்கள். அன்றைக்கு ஐந்து பேர். மறுநாள் தேர்வு வைத்துக்கொண்டு ஒன்றும் படிக்காத ஒரு மாணவன், சாயங்காலத்துக்குள் ஒருவரை ஒருவர் மறந்துவிட வேண்டும் என்று வீட்டில் கெடு விதிக்கப்பட்ட ஒரு காதல் ஜோடி, விமானம் என்றாலே தலைசுற்றுகிற இரண்டு வியாபாரிகள். வண்டி கிளம்புமுன் அவள் ஏறி நின்று, இந்த முறை வழி எவ்வளவு நீளும் என்று தனக்கே தெரியாது, இறங்குகிறவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம் என்று சொன்னாள். காதல் ஜோடி சந்தோஷமாகச் சிரித்தது. யாரும் இறங்கவில்லை. அவள் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் கண்ணாடியில் பார்த்து, "நீங்க எங்க இறங்கணும்?" என்று கேட்டார். "நீங்க இறங்குற இடத்துல" என்றாள்.

பதினான்கு வருஷம் ஆயிற்று. அந்தப் பதினான்கு வருஷமும் அவள் அவருக்கு வீட்டைச் சொன்னாள். சமையலறையில் எந்தக் குழாய் சொட்டும், எந்த விசைக்கு எந்த விளக்கு, அலமாரியின் மேல் தட்டில் என்ன இருக்கிறது, பிடியைத் தூக்கித் தோளால் எப்படி இடிக்க வேண்டும் என்று தினமும் ஒரு முறை, முதலிலிருந்து கடைசி வரை. முதல் வருஷம் அவர் யாரோ ஒருவர் வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் கேட்டார். மூன்றாவது வருஷத்தில், ஒரு மழைநாளில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தக் குழாய்க்கு வாஷர் மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தே, மாத்துனியா இல்லையா?" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அதன்பிறகு அவளுடைய பயம் வேறு மாதிரி ஆனது. சாலையோரத்து ஊர்களில் தங்கும்போது தினமும் விடிந்ததும் அவர் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தாள். அவருக்கு அறுபத்தைந்து ஆயிற்று, எழுபது ஆயிற்று. தையல்காரரின் மரம் வந்தபோது எல்லோரும் இறங்கி நின்றார்கள், அவள் மட்டும் இறங்கவில்லை. கடைசி மூன்று வருஷம் பெரும்பாலும் கண்டக்டர்தான் ஓட்டினார். மாணவன் எல்லாப் புத்தகத்தையும் நான்கு முறை படித்து முடித்துவிட்டு, காதல் ஜோடியின் இரண்டு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். ஒரு நாள் தொலைவில் நகரத்துத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அவர் கண்டக்டரை டிரைவர் இருக்கையிலிருந்து எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். ஊருக்குள் வண்டியைத் திருப்பும்போது மணி ஆறு ஐந்து.

வண்டி ஆறு பத்துக்கு நான்காம் நடைமேடையில் நின்றது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து வழக்கம்போல் தலையாட்டினார். ஐம்பத்தைந்து வயது அம்மாள் ஒருத்தி எழுபத்தாறு வயதுக் கிழவரைக் கைப்பிடித்து இறக்கியதை அவர் அதிசயமாகப் பார்க்கவில்லை. அறைச் சாவியை அவளிடம் நீட்டி, "காலையில எங்கம்மா போனீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மறுநாளே இருவருக்கும் மருத்துவக் காரணம் காட்டி ஓய்வு கொடுத்தார்கள். அவள் இடத்துக்கு வந்தவள் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறாள். அதனால் வண்டி வருஷக்கணக்கில் பிந்தி வருகிறது, சாலையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைகிறது. நடைமேடையில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்: ஆகாய வழி ஐந்து நிமிஷம், சாலை வழி போக ஆறரை மணி, திரும்ப மூன்று வருஷம் இரண்டு மாதம். மக்கள் அதைப் பார்த்துத் துணிமணிகளை எடுத்து வைக்கிறார்கள்.

அன்று மாலை இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். காலையில் அவள் கொடியில் போட்ட துணி அப்போதுதான் காய்ந்திருந்தது. பாத்திரத்தில் மூடி வைத்த பால் கெடவில்லை என்பது பிறகு தெரிந்தது. அவள் சாவியைப் போட்டுத் திருகினாள், கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. இன்னொரு முறை திருகித் தள்ளினாள். பதினான்கு வருஷமாக வாயால் சொல்லிச் சொல்லி, கைக்கு அது மறந்தே போயிருந்தது. சட்டென்று அவளுக்குப் பழைய பயம் வந்தது, வேறு யாருடைய வீட்டு வாசலிலோ நிற்கிறோமோ என்று அக்கம்பக்கம் பார்த்தாள். அவர் அவளை மெதுவாக விலக்கிவிட்டு, பிடியை ஒரு விரல் அளவு மேலே தூக்கி, தோளால் ஒரு இடி இடித்தார்.

"என்ன நீ, நம்ம வீட்டுக் கதவையே மறந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய், சரியான விசையைப் போட்டார்.